கல்லூரி வளாகத்தில் 20 சென்ட் நிலம், கையில் 45,000 ரூபாய்: கோடை விடுமுறையைத் தாங்கும் தோட்டம் அமைக்க வழி சொல்லுங்கள்

வைப்பாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதல் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் அறிவியல் கட்டடத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி ஏறத்தாழ 20 சென்ட் நிலம் பயனின்றிக் கிடக்கிறது. கரிசல் மண். பாதி நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் உடைந்த மேசை நாற்காலிகளும், கட்டடம் எழுப்பியபோது மிஞ்சிய கல்லும் சிமெண்டுக் கட்டிகளும் குவிந்திருக்கின்றன. அந்த இடத்தை மாணவர்கள் நிழலில் அமர்ந்து சாப்பிடவும் படிக்கவும் ஏற்ற தோட்டமாக மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் மாணவிகளில் பலர் காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார அவர்களுக்கு மாடிப்படியை விட்டால் வேறு இடம் இல்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 45,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டுள்ளனர். அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் 200 மரக்கன்றுகளை ஓர் ஐப்பசி மாதத்தில் விழா எடுத்து நட்டோம். மாணவர்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றியதால் பங்குனி வரைக்கும் பெரும்பாலானவை தளிர்விட்டு நின்றன. ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து கல்லூரி பூட்டப்பட்டது. ஜூன் நடுவில் திரும்பி வந்து எண்ணியபோது உயிரோடு இருந்தவை 7. சுவர் இடிந்த சந்தின் வழியாக வந்த ஆடுகள் அவற்றிலும் நான்கை மேய்ந்துவிட்டன. ஒவ்வொரு கன்றிலும் அதை நட்ட மாணவரின் பெயரைத் தகரத் துண்டில் எழுதிக் கட்டியிருந்தோம். காய்ந்த குச்சிகளில் பெயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போனார்கள்.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரவிருப்பதால் 5 சென்ட் அளவுக்காவது புல்வெளி வேண்டும் என்கிறார் முதல்வர். மியாவாக்கி முறையில் அடர்காடு வளர்க்கலாம் என்கிறார் விலங்கியல் துறை நண்பர். ஒரு நர்சரிக்காரர் வந்து பார்த்து, வேகமாக வளரும் கோனோகார்பஸ் வேலி, அலங்காரச் செடிகள், செயற்கை நீரூற்று எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய்க்குத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பு. குடிக்கும் நீர் தனிக் குழாயில் வருகிறது. இந்த நிலையில் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


உசிலமரம் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது இரண்டு கல்லூரிகளில் தோட்டம் போட்டேன்; முதலாவது உங்களுடையதைப் போலவே ஒரே கோடையில் அழிந்தது. ஆகவே உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கன்றுகள் இறந்ததற்கு மாணவர்களின் அக்கறைக் குறைவைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கல்லூரித் தோட்டத்துக்கு வீட்டுத் தோட்டத்துக்கு இல்லாத ஓர் இடர் உண்டு: ஆண்டின் மிகக் கடுமையான 50 நாட்களில் அங்கே ஆள் இருப்பதில்லை. எனவே ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை யார் தண்ணீர் ஊற்றுவார், எவ்வளவு ஊற்றுவார் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே எத்தனை கன்று என்ற எண்ணுக்கு வர வேண்டும். விடுமுறையிலும் வளாகத்தில் இருப்பவர் காவலர் ஒருவர்தான் என்றால், அவர் ஒரு மாலையில் எத்தனை குடம் சுமப்பாரோ அதுதான் உங்கள் தோட்டத்தின் அளவு.

கணக்கைப் பார்ப்போம். 20 சென்ட் என்பது 8,712 சதுர அடி. 20 அடி இடைவெளியில் 12 நிழல்மரங்களை நட்டால், அவை வளர்ந்தபின் நிலத்தில் பாதிக்கு மேல் நிழல் விழும். ஒரு கன்றுக்கு வாரத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 லிட்டர். புல்வெளிக்கு வாருங்கள். 5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். கோடையில் புல் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீர் கேட்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 1,000 லிட்டர், வாரத்துக்கு 7,000 லிட்டர். அதுவும் உப்பு நீர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். அவர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மியாவாக்கி முறையை நான் குறை சொல்லவில்லை. சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கன்றுகள் நட்டு, மண்ணை ஆழமாகக் கிளறி எருவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் நீர் ஊற்றிக் களை எடுக்க முடிகிறவர்களுக்கு அது பலன் தருகிறது. உங்களிடம் அந்த நீரும் இல்லை, பணமும் இல்லை. தவிர, அந்தக் காட்டுக்குள் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கோனோகார்பஸை வாசலிலேயே நிறுத்துங்கள். அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுகிறது, வேர் குழாய்களைச் சிதைக்கிறது என்ற காரணங்களால் குஜராத் அரசு 2023-இல் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் அதன்பின் தடை வந்துவிட்டது.

சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டிவிட்டால் ஒரு மழைக்கு நான்கு மடங்காகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குக் கீழே ஓர் அடிக்குள் இருக்கின்றன. ஆகவே ஜேசிபி வைத்து அந்தக் கழுத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். உங்கள் 20 சென்டுக்கு நான்கைந்து மணி நேர வேலை. அதே வண்டியைக் கொண்டு மழைக்குழிகளையும் வெட்டிக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் வாடகை மிச்சமாகும்.

மழைக்குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தோட்டம் பிழைப்பதும் பிழைக்காததும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் மொட்டைமாடியிலிருந்து குழாய்கள் ஏற்கெனவே இறங்கியிருக்கும். மாடி 6,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே ஒரு மழையில் 8,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதைச் சேமிக்கத் தொட்டி கட்டப் பணம் போதாது. மண்ணே தொட்டியாகட்டும். 10 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் அது ஒரு நிரப்புக்கு 1,100 லிட்டர் கொள்ளும். அப்படி ஐந்தாறு குழிகளை வெட்டி, காய்ந்த கிளைகளையும் சருகையும் இட்டு நிரப்பி, குழியின் கீழ்க்கரையில் மரங்களை நடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் குழிகளில் இறங்கும் நீர் கரிசலில் மெதுவாகப் பரவிப் பங்குனி வரை வேருக்கு எட்டும். குழிகளை எங்கே வெட்டுவது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். முதல் கல்லூரியில் நான் செய்யத் தவறியது அதுதான்.

கோடைக்கு நான் நம்புவது பானைப் பாசனம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் துளைகள் வழியே ஈரம் கசிந்து வேரைச் சேரும். 8 லிட்டர் பானை எங்கள் மண்ணில் நான்கைந்து நாட்கள் தாங்கியது. கரிசலில் ஒரு சிக்கல் உண்டு: சித்திரையில் மண் வெடிக்கும்போது பானைக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுந்து கசிவு வேருக்குப் போகாமல் நின்றுவிடும். அதனால் பானையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்கிய எருவும் மணலும் கலந்து இறுக்கிவிடுங்கள். மூடியைக் களிமண்ணால் ஓரம் அடைத்தால் கொசுவும் வராது. மானாமதுரை உங்களுக்குத் தூரமில்லை. பூ வேலைப்பாடு இல்லாத சாதாரணப் பானையாகக் கேட்டு வாங்குங்கள்.

மரத் தேர்வில் ஓர் எச்சரிக்கை. உட்காரும் இடத்துக்கு மேலே வாகையை நடாதீர்கள். மாசி பங்குனியில், நிழல் மிகவும் வேண்டிய நேரத்தில், அது இலையின்றி நெற்றுகளோடு நிற்கும். புங்கமோ இலையுதிர்த்த சில நாட்களிலேயே புதுத் தளிர் மூடிக்கொண்டு சித்திரை வெயிலில் அடர்ந்த நிழல் கொடுக்கும். இருக்கைகளின் மேற்குப் பக்கம் புங்கம் நான்கு, வேம்பு மூன்று, மழைக்குழியோரம் பூவரசு இரண்டு, சுவரோரம் உசில் இரண்டு, குடைவேல் ஒன்று என்று நான் வைப்பேன். சுற்றுச்சுவர் நெடுகப் பனங்கொட்டைகளை ஊன்றிவிடுங்கள். அவற்றுக்கு நீங்கள் நீர் ஊற்றவே வேண்டாம்.


மூடாக்கு எழுதியது:

வணக்கம் ஐயா. நான் வேறொரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். எங்கள் வளாகத் தோட்டக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உசிலமரம் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் வளாகத்தில் தினமும் காலையில் கூட்டும் சருகை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் அதைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வகுப்பு முடியும்வரை புகை சன்னல் வழியே உள்ளே வரும். ஆஸ்துமா உள்ள தோழி ஒருத்தி அந்த வகுப்புக்கே வராமல் இருந்தாள். கூட்டுகிற அக்காவிடம் கேட்டபோது, "கொட்டுவதற்கு ஓர் இடம் காட்டுங்கள், நான் ஏன் எரிக்கிறேன்?" என்றார். அதுவரை யாரும் அவருக்கு இடம் காட்டியிருக்கவில்லை.

நாங்கள் பழைய தென்னங்கீற்றுத் தட்டிகளால் 6 அடிக்கு 4 அடி அளவில் மூன்று கூடுகள் கட்டினோம். சருகு ஓர் அடி, அதன்மேல் கேண்டீனின் காய்கறித் தோலும் கொஞ்சம் சாணக் கரைசலும், மறுபடி சருகு என்று அடுக்கி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கு மாதத்தில் கீழ்ப்பகுதி கறுத்து மண்வாசம் வருகிறது. சமைத்த சோறும் குழம்பும் போட்டால் எலி வரும், நாற்றமும் எடுக்கும். அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மட்காத சருகை மரத்தடியில் அரை அடி கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்திய முறை இது. வைகாசி மதியம் மூன்று மணிக்கு நாங்கள் மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தபோது கீழே மண் ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. இரண்டடி தள்ளி மூடாக்கு இல்லாத இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். கோடையில் யாராவது பீடித்துண்டை வீசினால் சருகு பற்றிக்கொள்ளும் என்பதால், நடைபாதையோரச் சருகின் மேல் மெல்லியதாக மண் தூவி வைக்கிறோம்.

உட்கார இடத்துக்குப் பணம் செலவிட வேண்டாம். உங்களிடம் இருக்கும் சிமெண்டுக் கட்டிகளைத் தரம் பிரித்து, பெரியவற்றை இரண்டாக அடுக்கி, உடைந்த மேசைகளின் பலகைகளை மேலே பொருத்தலாம். கட்டிகளுக்கு நடுவே பொந்து இல்லாமல் மண் வைத்து அடைத்துவிடுங்கள். பாம்பு வரும் என்று பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பொந்தும் குப்பைக் குவியலும் இல்லாமல், பாதையின் இருபுறமும் மூன்றடி வெறுமையாக இருந்தால் அந்தப் பயம் குறையும். எங்கள் வகுப்புத் தோழிகள் முதலில் கேட்டதே அதைத்தான்.


கிளுவைவேலி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். காங்கேயம் பக்கத்தில் மாடும் கொறங்காடும் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கிற விவசாயி நான். ஆட்டைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லாததால் எழுதுகிறேன். இடிந்த சந்தை அடைக்காமல் எதை நட்டாலும் அது ஆட்டுக்குத் தீவனம்தான். ஆட்டுக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மழையில்லாத மாதத்தில் பச்சை தெரிகிற பக்கம் ஆடு போகும்.

எங்கள் பக்கம் கம்பிவேலி வருவதற்கு முன்பிருந்தே காட்டைச் சுற்றிக் கிளுவைதான் வேலி. கை மொத்தத்தில் நாலரை அடிப் போத்துகளை (நடுவதற்கான கிளைத்துண்டுகளை) வெட்டி, மழைக்கு முன் முக்கால் அடிக்கு ஒன்றாக ஊன்றி, குறுக்கே ஒரு வரிசை கட்டிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் முள்ளோடு பின்னிக்கொள்ளும். செலவு என்று பார்த்தால் வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும்தான். ஆனால் முதல் இரண்டு வருடம் போத்து பின்னிக்கொள்கிற வரைக்கும் ஆடு நுழையாமல் இருக்க, நீங்கள் பிடுங்கிப் போடுகிற சீமைக்கருவேல முள்ளையே வெளிப்பக்கம் அடுக்கி வையுங்கள். காய் இருக்கிற கிளையை மட்டும் வைக்காதீர்கள். அந்தக் காயை ஆடு தின்று, புழுக்கையோடு விதையை நிலம் முழுக்க இறைத்துவிடும். சீமைக்கருவேலம் ஊரெல்லாம் பரவியது அப்படித்தான்.

செடி வரிசையில் வெளிப்பக்கத்துக்கு ஆடு வாய் வைக்காதவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஆடாதோடைக்குப் பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள், ஆடு தொடாத இலை. ஆவாரை, நொச்சி, எருக்கு இவையும் நிற்கும். ஆவாரைக்கு முதல் வருடத்துக்குப் பிறகு தண்ணீரே வேண்டாம், வெயில் காலத்திலும் மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருக்கும். எருக்கை அலங்காரத் தோட்டத்தில் வைப்பதா என்று யோசிக்காதீர்கள். ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளியும் உள்ள பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். புழு இலையைத் தின்று வளர்வதைப் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியிலேயே பார்த்துவிடலாம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதால் நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள்.


வைப்பாற்றுக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து மாணவர்களோடு சேர்ந்து படித்தேன். புல்வெளிக் கணக்கை முதல்வர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "ஒரு நாளைக்கு 1,000 லிட்டரா?" என்று கேட்டார். புல்வெளி கைவிடப்பட்டது.

இதற்கிடையில் ஆழ்துளைக் கிணற்று நீரை மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்தோம். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3.4 டெசிசீமென்ஸ் என்று வந்திருக்கிறது. உப்பு அதிகம் என்றார்கள். இந்த நீரைப் பானையில் ஊற்றலாமா? குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீர் தினமும் சாக்கடையில் போகிறது, அதைப் பயன்படுத்தலாமா? இன்னொன்று, வனத்துறை நாற்றங்காலில் கன்றுகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலக நடைமுறைகள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வழிகாட்ட வேண்டும். வெட்டும் சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போடுபவருக்கு விற்று அந்தப் பணத்தையும் தோட்டத்தில் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.


உசிலமரம் எழுதியது:

ஐயா, 3.4 என்பது கவலைப்பட வேண்டிய அளவுதான். ரோஜாவும் அவரையும் அதில் பிழைக்காது. நான் சொன்ன பட்டியலில் பூவரசும் புங்கமும் உப்பைத் தாங்குபவை; பூவரசு கடற்கரையிலேயே வளரும் மரம். வேம்பும் சமாளித்துக்கொள்ளும். உப்பு நீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகக் கெடுதல். நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஊற்றினால் நிறைய ஊற்றி, அடுத்த முறைக்கு இடைவெளி விடுங்கள். ஐப்பசி மழை தேங்கிய உப்பைக் கீழே கழுவிவிடும். மழைக்குழியின் இரண்டாவது பயன் அதுதான். பானையில் ஊற்றுவதற்கு இயன்றவரை குடிநீர்க் குழாயிலிருந்து எடுங்கள். 24 பானைகளை வைத்தால் ஒரு நிரப்புக்கு 200 லிட்டருக்குள் அடங்கும். ஐந்து நாளுக்கு ஒரு முறை அந்த அளவைக் கல்லூரியால் தர முடியும். உப்பு நீரையே ஊற்ற நேர்ந்தால் பானையின் வெளிப்புறம் வெள்ளை படிந்து துளைகள் மெல்ல அடைபடும், ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளே போகும் நீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்கிறது. நல்ல நீர் உள்ள ஊரில் அது பயன்படலாம், உங்கள் ஊரில் அது விஷம் போல. கழிவறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கணினி ஆய்வகத்தின் ஏசி கருவிகளிலிருந்து சொட்டும் நீரைப் பாருங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு இல்லை. நாங்கள் மூன்று கருவிகளின் குழாய்களை ஒரு டிரம்மில் சேர்த்தபோது ஈரக்காற்று வீசிய நாட்களில் மூன்று குடம் வரை கிடைத்தது. நாற்றுப் பைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

தாம்பரத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தைப் பாருங்கள். 1937-இல் அந்தக் கல்லூரி அங்கே குடிபெயர்ந்தது. அங்கிருந்த முட்புதர்க் காட்டைப் பேணி, மரங்களும் நட்டுப் பார்த்துக்கொண்டவர்களில் எட்வர்டு பார்ன்ஸ் முக்கியமானவர். அவர் வேதியியல் பேராசிரியர். தமிழாசிரியரான நீங்கள் இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பது எனக்கு அவரை நினைவூட்டியது.


பதிவேடு எழுதியது:

வணக்கம். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விறகு விற்பனை யோசனையைத் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள். அரசு நிலத்தில் வெட்டியது அரசுச் சொத்து. முறைப்படி மதிப்பீடு செய்து, ஏலம் விட்டு, பணத்தை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். நேரடியாகச் செலவு செய்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தணிக்கையில் உங்கள் பெயரில் எழுதுவார்கள். நல்ல மனத்தோடு செய்த ஒருவர் இப்படிச் சிக்கி, ஓய்வூதியம் தள்ளிப்போன கதையை அருகிலிருந்து பார்த்தவன் நான். மரங்களை அகற்றும் முன்பே முதல்வர் வழியாக எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். நிலத்தில் வேம்போ பனையோ இருந்தால் அதைத் தொடாமல் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலேயே வைத்திருங்கள். கல்லூரிக் கணக்குக்கு மாற்றினால் மார்ச் மாதத்துக்குள் செலவழிக்கும் நெருக்கடி வரும், நெருக்கடியில் வாங்கும் பொருள் எல்லாம் தொட்டியும் அலங்காரச் செடியுமாகத்தான் இருக்கும். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தரவேண்டிய கூலியை முதலிலேயே ஒதுக்கி, கழகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைத்துவிடுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அந்தத் தீர்மானம் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தொண்டருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் வழக்கமான பணி உண்டு. 100 பேர் கொண்ட ஓர் அணியில் அது 12,000 மணி நேரம். பாத்தி கட்டவும் கற்களைப் பிரிக்கவும் கூலி ஆள் உங்களுக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு மாதமும் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். நாக் குழுவிடம் விழாப் படங்களைக் காட்டுவதைவிட அந்தப் பதிவேட்டைக் காட்டுவது மேல்.


வைப்பாற்றுக்கரை எழுதியது:

நேற்று மாலை நான்கு மணிக்கு நல்ல இடிமழை. கல்லூரி முடியும் நேரம். உசிலமரம் ஐயா சொன்னது நினைவுக்கு வர, குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஏழெட்டு மாணவர்கள் குடையில்லாமலே வந்துவிட்டார்கள். நிலம் தெற்கே சரிவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், குழிகளையும் அந்தப் பக்கமே வரைந்து வைத்திருந்தேன். நீரோ மாடிக்குழாயிலிருந்து இறங்கி, கல்குவியலைச் சுற்றிக்கொண்டு, வடகிழக்கு மூலைக்கு ஓடியது. ஆடுகள் உள்ளே வருகிற அதே இடிந்த சந்தின் வழியாகத்தான் எங்கள் மழைநீர் அவ்வளவும் வெளியே போய்க்கொண்டிருந்தது. சேறு கலந்து காபி நிறத்தில், கணுக்கால் அளவுக்கு. மாணவர்கள் வேப்பங்குச்சிகளை ஒடித்து, நீர் ஓடிய தடம் நெடுக ஊன்றிக்கொண்டே போனார்கள். ஐந்து குழிகளையும் அந்தக் குச்சிகளின் வரிசைக்குக் குறுக்கே வெட்டப் போகிறோம். சந்துக்கு முதல் வேலையாகக் கிளுவைப் போத்து வைக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

பணத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம். ஜேசிபிக்கு 6,000, வேலிக்கு 4,000, பானைகள் 24-க்கு 4,300, ஆட்டு எருவுக்கு 5,000, மாடிக்குழாயைத் திருப்ப 1,700. மீதி 24,000 ரூபாயும் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு, கோடைக்கு 8,000 வீதம். பாதிக்கு மேல் கூலிக்கே போகிறதே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பழைய தகரத் துண்டுகளில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன், தீர்மானம் நிறைவேறியது.

இன்று காலை காவலரை அழைத்துச் சென்று, 12 மரங்களுக்கும் குச்சி நட்ட இடங்களைக் காட்டினேன். அவருக்கு 58 வயது, இடுப்பு வலி உண்டு. மாலையில் பத்துக் குடம் தன்னால் முடியும் என்றார். எல்லாக் குச்சிகளையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, குழாயடிக்கு எட்டாத தொலைவில் இருந்த இரண்டைக் காட்டி, "இந்த ரெண்டையும் இந்தப் பக்கம் கொண்டாந்துருங்க சார், இல்லேன்னா வைகாசியில நான் விட்டுருவேன்" என்றார். இரண்டு குச்சிகளையும் பிடுங்கி அவர் காட்டிய இடத்தில் ஊன்றினோம்.